துளையும் துருவும்

குற்றம் என்பது மெய்யாகவே உள்ள ஒரு பொருளா, அன்றி இருக்க வேண்டிய ஒன்று இல்லாதிருத்தலா என்னும் வினா சமயத் தத்துவங்கள் பலவற்றின் அடியில் கிடக்கிறது. தீமையைக் களையும் வழி எது என்பதற்கு ஒரு சமயம் கூறும் விடை, இந்த முதல் வினாவுக்கு அது முன்னரே அளித்துவிட்ட விடையைப் பொறுத்தே அமைகிறது. பழைய மெய்யியலாளர் தம் வாதங்களுக்குக் குடத்தையும் ஆடையையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டனர். அவை அவர்கள் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தவை. இக்காலத்து வீட்டு வாசலில் அதே பணிக்கு உதவக்கூடிய பொருள் ஒன்று உண்டு. அடிப்பகுதியில் கசிவு கண்ட மோட்டார் சைக்கிள் பெட்ரோல் டேங்கே அது. அதை வீட்டிலேயே சரிசெய்ய முற்படுபவரின் ஒவ்வொரு செயலிலும், அவர் அறிந்தோ அறியாமலோ, குற்றத்தைப் பற்றிய ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது.

கசிவைக் கண்டதும் தேடப்படுவது துளை. துளை என்பது இரும்பு இருந்து இல்லாமற்போன இடமேயன்றித் தனிப்பொருள் அன்று. எனினும் பெட்ரோல் வெளியேறுவதற்கு அதுவே காரணம் என்று கூறப்படுகிறது. இல்லாத ஒன்று எவ்வாறு காரணமாகும் என்னும் சிக்கலை எதிர்கொண்ட வைசேடிக மரபினர், பிற்காலத்தில் அபாவம், அதாவது இன்மை என்பதையும் ஏழாவது பதார்த்தமாக ஏற்றனர். இன்மை எப்போதும் ஏதோ ஒன்றின் இன்மையே என்றும், எதன் இன்மை என்று குறிக்காமல் அதனைப் பேச இயலாது என்றும் கூறி, அவ்வாறு குறிக்கப்படும் பொருளைப் பிரதியோகி என அழைத்தனர். இன்மையை அவர்கள் நான்காகப் பகுத்தனர். அவற்றுள் ஒரு பொருள் அழிந்தபின் உண்டாகும் இன்மைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. தகட்டில் விழுந்த துளை இவ்வகையைச் சேர்ந்தது. அதனை எதைக் கொண்டு அடைத்தாலும் அடைப்பது வேறு பொருளே, அரித்துப்போன இரும்பு மீள்வதில்லை.

மேற்கில் இன்மைக் கொள்கையைக் குற்றத்தின் மீது முழுமையாகப் பொருத்தியவர் புனித அகஸ்டின் (354–430). கடவுள் படைத்தவை அனைத்தும் நல்லவை என்றால் தீமை எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு, தீமை ஒரு படைப்பே அன்று, நன்மையின் குறைவு மட்டுமே என்று அவர் விடை கண்டார். உடலில் ஆறிய புண் வேறோர் இடத்துக்குப் பெயர்ந்து செல்வதில்லை, அது இல்லாமற்போகிறது என்பது அவர் காட்டிய சான்று. துரு என்னும் பொருளைச் சுட்டி இக்கொள்கையை எளிதில் வீழ்த்திவிடவும் முடியாது. துருவும் ஓர் இரும்பு ஆக்சைடே. காவிக்கல்லுக்குச் சிவப்பைத் தருவதும் இரும்பு ஆக்சைடே. கோயில் மதிலில் பட்டையாகத் தீட்டப்படும்போது மங்கலமாகும் நிறம், டேங்கின் உள்ளே மட்டும் ஏன் குற்றமாக வேண்டும்? துரு தன்னளவில் தீயதன்று, தகட்டின் உறுதி குறைந்ததே தீது என்று அகஸ்டினைப் பின்பற்றுபவர் கூற இடமுண்டு.

ஆயினும் இன்மையை மட்டும் நம்பிச் செய்யப்படும் பழுதுபார்ப்பு நெடுநாள் நிற்பதில்லை. துளையில் சோப்பைத் தேய்த்து அடைப்பது வழியில் நின்றுபோனவருக்குக் கைகொடுக்கும் பழைய உபாயம். எம்-சீலைப் பிசைந்து ஒட்டுவது அதற்கு அடுத்த படி. இரண்டும் துளையை நிரப்புகின்றன, துளையை உண்டாக்கியதைத் தொடுவதில்லை. எனவே ஒட்டிய இடத்துக்கு அருகிலேயே தகடு மீண்டும் பொத்துப்போகிறது. இன்மையைத் தவறாக அறிவதால் வரும் கேடு இதனினும் பெரிது. பெட்ரோலை வடித்துவிட்ட டேங்கைக் காலி என்று கொள்வது வழக்கம். உண்மையில் அங்கு இல்லாதது திரவம் மட்டுமே, ஆவி அங்கேயே இருக்கிறது. காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும், தீப்பற்றிவிடும். நிறைந்த டேங்கினும் வடித்த டேங்க் அஞ்சத்தக்கது என்பதும், கழுவி ஆவி நீக்காத டேங்கில் பற்றவைக்கும் வேலையை வீட்டில் செய்யலாகாது என்பதும் இதனால்தான். எதன் இன்மை என்று கேட்காமல் இன்மையைப் பேசலாகாது என்ற தருக்க விதி, இங்கு உயிர்காக்கும் விதியாகிறது.

துளையை விட்டுத் துருவை நோக்கும்போது வினா வேறு வடிவம் பெறுகிறது. பாதி நிரம்பிய டேங்கின் மேற்பகுதியில் உள்ள காற்று இரவில் குளிரும்போது அதிலுள்ள ஈரம் சுவர்களில் துளிர்த்து வழிகிறது. பெட்ரோலினும் கனமான நீர் அடியில், பெரும்பாலும் தகடுகள் இணையும் விளிம்பில், சென்று தங்குகிறது. 2023 முதல் இந்தியாவில் விற்பனைக்கு வந்துள்ள 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உறிஞ்சிய நீர் அளவு கடந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் படிகின்றன. ஆகவே வெளியே மழை நனைக்கும் பக்கத்தைவிட உள்ளே கண்ணுக்குத் தெரியாத பக்கமே முதலில் அரிக்கப்படுவதுண்டு. இரும்பில் பிறந்த துரு அந்த இரும்பையே தின்கிறது என்னும் உவமையால், ஒருவன் செய்த தீவினையே அவனைக் கெடுக்கும் என்று தம்மபதம் விளக்குகிறது.

சைவ சித்தாந்தம் இன்னும் ஒருபடி பின்னே செல்கிறது. உயிரை மறைத்து நிற்கும் ஆணவ மலத்தை அது செம்பில் களிம்புக்கு ஒப்பிடுகிறது. களிம்பு பின்னொரு நாளில் வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, செம்பு உள்ளபோதே உடனிருப்பது என்பது உவமையின் கருத்து. அதனால் ஆணவத்துக்குச் சகசமலம், அதாவது உடன்நிற்கும் மலம் என்றும் பெயருண்டு. உலோகவியலை அறிந்தவருக்கு இவ்வுவமை வியப்பளிக்கும். சேலத்துக் கஞ்சமலையின் மேக்னடைட் தாது முதலாக இரும்புத் தாதுக்களில் பெரும்பாலானவை ஆக்சிஜனோடு பிணைந்த நிலையிலேயே மண்ணில் கிடைக்கின்றன. உலைக்களமே அவற்றைப் பிரித்துத் தூய இரும்பைத் தருகிறது. எனவே துருப்பிடித்தல் இரும்புக்கு நேர்ந்த விபத்து என்பதைக் காட்டிலும், பழைய பிணைப்புக்கு அது திரும்புதல் என்பதே பொருந்தும்.

உடன்நிற்பது அறிவால் நீங்குமா, செயலால் நீங்குமா என்பது அடுத்த வினா. இருளில் கயிற்றைப் பாம்பென்று அஞ்சியவனுக்கு விளக்கு ஒன்றே போதும், பாம்பை அடிக்கக் கோல் வேண்டியதில்லை என்பது அத்வைதிகள் எடுத்தாளும் உவமை. டேங்கிலும் இதற்கு இடமுண்டு. பெட்ரோல் டியூப் தளர்ந்தோ, பெட்ரோல் காக்கின் வாஷர் தேய்ந்தோ சொட்டும் பெட்ரோல் அடித்தகட்டின் வழியே ஓடி வேறிடத்தில் துளிக்கும்போது, டேங்க் பொத்துவிட்டது என்ற முடிவு கயிற்றில் கண்ட பாம்பே. உண்மை தெரிந்ததும் டேங்கின் மேல் ஏற்றிய குற்றம் தானே விலகுகிறது. துரு அத்தகையதன்று. துரு இருக்கிறது என்று அறிவதால் ஓர் இம்மியும் குறைவதில்லை. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அகோரசிவாசாரியார் உள்ளிட்ட ஆகமச் சைவ ஆசிரியர்கள் மலத்தைத் திரவியம், அதாவது உள்பொருள் எனக் கொண்டதும், கண்ணில் படர்ந்த படலம் மருத்துவன் கைவினையால் நீங்குவது போல அது தீக்கை என்னும் கிரியையால் நீங்கும் என்றதும் இந்த வேறுபாட்டை முன்னிட்டே ஆகும்.

டேங்கைச் சரிசெய்யும் முறையும் அவ்வழியில் செல்கிறது. டேங்கைக் கழற்றி, நெருப்பும் மின்பொறியும் அண்டாத திறந்த வெளியில் பெட்ரோலை வடித்து, சோப்புத்தூள் கரைத்த நீரால் பலமுறை அலசிய பின், வினிகரையோ சிட்ரிக் அமிலக் கரைசலையோ நிரப்பி ஒருநாள் அளவு ஊறவைப்பர்; பொருக்குகள் உதிர்வதற்காகச் சில நட்டுகளை உள்ளே இட்டுக் குலுக்குவதும் உண்டு. களிம்பேறிய செம்புக் குடத்தைப் புளியிட்டுத் துலக்கும் அடுக்களைச் செயலும் இதுவும் ஒன்றே: இரண்டிலும் அமிலம் உலோகத்தைப் பற்றியிருக்கும் படிவைக் கரைக்கிறது. துரு நீங்கியதும், அதுவரை துருவே அடைத்துக் கொண்டிருந்த புதிய துளைகள் வெளிப்படுவதுண்டு. குற்றமே குற்றத்தை மறைத்து நின்றது அப்போது தெரியவரும். மலம் உயிரின் அறிவை மறைப்பதோடு தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்ற சித்தாந்தக் கருத்து இங்கு நினைக்கத்தக்கது.

எனினும் வேலை இங்கு முடிவதில்லை. அமிலத்தைக் கொட்டி, சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே உலர்த்தாவிட்டால் வெளுத்த இரும்பில் சிறிது நேரத்திலேயே மீண்டும் செந்நிறம் படரும். நீங்கியது துருவே, துருப்பிடிக்கும் இயல்பு நீங்கவில்லை. ஆகவே துளைகளைப் பெட்ரோலைத் தாங்கும் எபாக்சியால் அடைத்து, உட்புறம் முழுவதும் அதற்கென உள்ள பூச்சை ஓடவிட்டுச் சில நாள் இறுக விடுவர். பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே ஈயம் பூசுவதன் நோக்கமும் இதுவே. மலத்தைப் பற்றிச் சித்தாந்தம் கொண்ட முடிவும் இதனை ஒத்தது. மலம் அநாதியான உள்பொருள் ஆதலால் முத்தியிலும் அது அழிவதில்லை. அதன் சத்தி மட்டும் அடங்கி, வறுத்த வித்துப் போல முளைக்கும் ஆற்றலற்றுக் கிடக்கிறது.

ஆகவே துளையை நோக்கியவர் இன்மையைக் கண்டதும், ஐயத்தோடு நோக்கியவர் மயக்கத்தைக் கண்டதும், உள்ளே நோக்கியவர் மலத்தைக் கண்டதும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. அவை ஆராய்ச்சியின் மூன்று படிகள். மயக்கம் தீர்க்கப்படாமல் துருவைத் தேடுவது வீண், துரு தீர்க்கப்படாமல் துளையை அடைப்பது அதனினும் வீண். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் ஆனது. இறுதிச் சூத்திரம் வீடுபெற்றவரைப் பற்றியது. அவர்க்கும் அது முதலில் விதிக்கும் செயல், மலத்தைக் கழுவுதல். பூச்சு முடிந்த டேங்கைக் காலியாக நிறுத்தி வைக்காமல் நிரப்பி வைப்பதும், மழைக்காலம் கழிந்ததும் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பதும் அந்த விதிக்குள் அடங்குபவையே.