தயார் என்று யார் சொல்வது?

"எழுதிப் பார் மகன், தவறினால் அடுத்த முறை இருக்குத்தானே" என்று சாதாரணதரப் பரீட்சைக்குத் தயங்கி நிற்கும் பிள்ளைகளுக்குச் சொல்வது எங்களைப் போன்ற கிராமத்து வாத்திமாரின் வழக்கம். அதில் குற்றமில்லை. அந்தப் பரீட்சையில் தவறினால் நட்டம் அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான். தகுதியில்லாமல் தேறிவிட்டாலும் ஊருக்குப் பெரிய கேடு வந்துவிடப் போவதில்லை. ஆகவே சந்தேகத்தின் பலனைப் பிள்ளைக்கே கொடுத்துவிடுகிறோம்.

கட்டடக்கலைஞராகப் பதிவு பெறுவதற்கான பரீட்சை அப்படியானதல்ல. என்னிடம் படித்து, மொறட்டுவைப் பல்கலைக்கழகம் சென்று, இப்போது கொழும்பில் ஒரு பட்டயக் கட்டடக்கலைஞரின் கீழ்ப் பயிற்சி பெறும் ஒருவர் கடந்த பெருநாள் விடுமுறையில் வந்திருந்தார். "மூன்றாம் பகுதிய இந்த முறை எழுதவா சேர், இல்லாட்டி இன்னும் ஒரு வருஷம் பொறுக்கவா?" என்று கேட்டார். இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் நடத்தும் பரீட்சைகளில் அதுவே கடைசிப் படி. வரையத் தெரியுமா என்று அதில் கேட்பதில்லை. அதெல்லாம் முன்னரே முடிந்துவிடும். ஒப்பந்தம், சட்டம், கட்டட விதிகள், பொறுப்பு ஆகியவற்றையே அது சோதிக்கிறது. அதற்கு முன் வேலைத்தளத்தில் பழகி, செய்ததைக் குறிப்பேட்டில் பதிந்து, மேற்பார்ப்பவரின் ஒப்பத்தைப் பெற்றிருக்க வேண்டும். அந்தப் பரீட்சை மண்டபத்தில் பரீட்சார்த்தி இருப்பார், பரீட்சகர் இருப்பார். அவர் கட்டும் கூரைக்குக் கீழே நாளை உறங்கப்போகிறவர் மட்டும் இருக்கமாட்டார். சந்தேகத்தின் பலன் இங்கே யாருக்கு? வராதிருக்கும் அந்த மனிதருக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சுமார் 3,700 வருடங்களுக்கு முந்திய ஹம்முராபியின் சட்டம் இதை வேறு விதமாகத் தீர்த்தது. வீடு இடிந்து அதன் சொந்தக்காரன் இறந்தால், கட்டியவனுக்கு மரணம். கணக்கு நேராகிவிடுகிறது, செத்தவன் எழும்பி வருவதில்லை. எங்கள் கிண்ணியாவில் 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் மடிந்தார்கள். பாலம் கட்டி முடியாத காலம் அது. யார் அனுமதி கொடுத்தது, பாதுகாப்பை யார் பார்த்தது என்ற கேள்விகள் அதன் பிறகுதான் உரத்து எழுந்தன. முன்கூட்டியே கேட்பதற்காகத்தான் உரிமம் என்ற ஏற்பாடே இருக்கிறது.

நமது மார்க்கச் சட்டத்தில் இதற்கு ஒரு நுட்பமான வாசல் உண்டு. அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் வரும் ஒரு நபிமொழியின் கருத்துப்படி, வைத்தியத்தில் அறியப்படாத ஒருவர் வைத்தியம் பார்த்துக் கேடு விளைந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி. வைத்தியம் 'அறியாதவர்' என்றல்ல, வைத்தியத்தில் 'அறியப்படாதவர்' என்றே அதன் சொல் அமைந்திருக்கிறது. நான் இதை ஓர் ஆசிரியனின் கண்ணால் வாசிக்கிறேன். எனக்குத் தெரியும் என்று நானே சொல்லிக்கொள்வது கணக்கில் வராது. பிறர் என்னை அந்தத் துறையில் கண்டறிந்திருக்க வேண்டும். இஜாஸா கொடுக்கும் முறையும் இதே அடிப்படையில் நிற்பதுதான். உஸ்தாத் முன் உட்கார்ந்து ஓதி, அவர் தன் பெயரைப் பணயம் வைத்துக் கொடுப்பது அது. பயிற்சிக் குறிப்பேட்டில் இடப்படும் ஒப்பமும் ஓர் இஜாஸாதான். "பாவம் பொடியன், எத்தனை நாள்தான் அலைவான்" என்ற இரக்கத்தில் ஒருவர் அதை இட்டால், அவர் தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைத் தானம் செய்கிறார்.

பரீட்சை மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. ஆசிரிய கலாசாலையில் எங்கள் கற்பித்தலை மதிப்பிட விரிவுரையாளர் கடைசி வாங்கில் வந்து உட்காருவார். அன்றைக்கு மாணவர்களும் நல்ல பிள்ளைகள், நாங்களும் நல்ல ஆசிரியர்கள். பரீட்சை ஒருவரின் மிகச் சிறந்த நாளைத்தான் காண்கிறது. வாடல் முகங்களையும் அவசரங்களையும் கண்டவர் கூடவே வேலை செய்தவர்தான்.

அப்படியானால் முழுமை வரும்வரை பொறுத்திருப்பதா? ஜெப்ரி பாவா 1919இல் பிறந்தவர். தந்தைவழியில் இஸ்லாமியப் பூர்வீகம் உள்ளவர். சட்டம் படித்து வழக்கறிஞரானவர். 1948இல் லுணுகங்கைத் தோட்டத்தை வாங்கி அதைத் தன் மனம்போல ஆக்க முனைந்தபோதுதான் தனக்குத் தொழில்நுட்பம் போதாது என்று கண்டார். பிறகு ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்து, இலண்டனில் படித்து, 1957இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. உஸ்மானியரின் தலைமைக் கட்டடக்கலைஞர் சினான் அந்தப் பதவிக்கு வந்தது 1530களின் இறுதியில், ஏறக்குறைய ஐம்பது வயதில். அதற்கு முன் படையோடு சென்று பாலங்கள் கட்டியவர். 1548இல் முடிந்த ஷெஹ்ஸாதே பள்ளிவாசலைத் தன் பயிலுநர் வேலை என்றும், 1570களில் எழுந்த செலிமியேயையே தேர்ச்சியின் வேலை என்றும் அவர் கருதியதாகச் சொல்லப்படுகிறது. அவர் பயிலுநர் வேலை என்ற பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடக்கிறது.

இதிலிருந்துதான் ஒரு பிரிவினை எனக்குப் பிடிபட்டது. உயிரோடு சம்பந்தப்பட்டவை முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்; அழகோடு சம்பந்தப்பட்டவற்றை ஆயுள் முழுவதும் கற்கலாம். என் மாணவருக்கோ இரண்டாவது கவலைதான். "என்ட டிசைன் இன்னும் முதிரல்ல சேர்" என்றார். நான் வேறு விஷயங்களைக் கேட்டேன். கடலோரத்தில் கம்பிக்கு மேல் கொங்கிரீட் மூடல் குறைந்தால் என்ன ஆகும்? உப்புக் காற்று உள்ளே போய்க் கம்பி துருவேறிப் பருத்து, கொங்கிரீட்டைப் பிளக்கும் என்றார். கட்டுவிப்பவர் மூடலைக் குறைக்கச் சொன்னால்? எழுத்தில் மறுப்பேன் என்றார். கடைசியாக எந்த விஷயத்தில் 'தெரியாது' என்று சொன்னீர்கள், யாரிடம் என்று கேட்டேன். யோசிக்கவேயில்லை; போன மாதம், அத்திவாரம் பற்றி, மண் பரிசோதித்த பொறியியலாளரிடம் என்றார். இந்த முறையே எழுதுங்கள் என்றேன். என் சொல்லுக்கு அதில் பெறுமதி குறைவு, குறிப்பேட்டில் ஒப்பமிடுபவரிடமும் கேளுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் போன பிறகு எங்கள் ஊர் மேசன்மாரைப் பற்றி யோசித்தேன். அவர்கள் எந்தப் பரீட்சையும் எழுதியவர்கள் அல்லர். ஆனால் ஊர் அவர்களை அறியும். கல் வைத்துச் சுவர் எழுப்பி, ஓடாவி கூரை போட்டு, ஓடு வேய்ந்த வீடுகளில் தலைமுறையாக அறியப்பட்டவர்கள். இன்று அதே கைகள் மேல்மாடிக்குக் கொங்கிரீட் தட்டு போடுகின்றன. அந்த வேலையில் ஊர் அவர்களை இன்னும் அறியாது. பிரதேச சபைக்குப் போகும் பிளானில் ஒருவரின் ஒப்பம் இருக்கிறது. கம்பி கட்டுபவர் வேறொருவர். இவர்கள் இருவருக்கும் நடுவில் யார் வந்து பார்க்கிறார் என்று எங்கள் தெருவில் வீடு கட்டும் மூன்று பேரிடம் விசாரித்தேன். மூவரும் தங்கள் மச்சான்மாரைச் சொன்னார்கள்.