ஆணழகனுக்குப் பெண்பால் என்ன?

குளத்தூரிலிருந்து கீரனூர்ப் பக்கம் போனாலும் புதுக்கோட்டைப் பக்கம் போனாலும், ஜிம் இருக்கிற இடத்தில் அர்னால்டு ஸ்வார்ஸ்நெகர் இருக்கிறார். சில இடங்களில் பக்கத்திலேயே அனுமாரும் இருக்கிறார். இருவரையும் வணங்கிவிட்டுத்தான் எங்கள் ஊர்ப் பையன்கள் எடை தூக்குகிறார்கள். அனுமாரைப் பற்றி அவர்களுக்குக் கதை தெரியும். அர்னால்டைப் பற்றிப் பாதிக் கதைதான் தெரியும்.

தெரிந்த பாதி இது. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகருக்கு அருகே தால் என்ற சிற்றூரில் 1947 ஜூலை 30ஆம் தேதி பிறந்தவர். தந்தை போலீஸ்காரர், கண்டிப்பும் அடியுமாகப் பிள்ளைகளை வளர்த்தவர். 20 வயதில் மிஸ்டர் யுனிவர்ஸ். 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு முறையும், பிறகு 1980இல் ஒரு முறையும் மிஸ்டர் ஒலிம்பியா. 1984இல் டெர்மினேட்டர். 2003 முதல் 2011 வரை கலிபோர்னியாவின் ஆளுநர். ஊக்கமருந்து எடுத்துக்கொண்டதை அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார்; அன்று அது சட்டவிரோதமாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

மீதிப் பாதி 2003 அக்டோபரில் வெளியே வந்தது. ஆளுநர் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, தங்கள் சம்மதம் இல்லாமல் அவர் தங்களைத் தொட்டதாக ஆறு பெண்கள் சொன்னதை லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளியிட்டது. அதற்குப் பிறகு இன்னும் பலர் பேசினார்கள். எல்லாம் உண்மையல்ல என்றார் அவர். ஆனால் சில நேரம் தவறாக நடந்துகொண்டதாகவும், விளையாட்டு என்று நினைத்துச் செய்ததாகவும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். தேர்தலில் வென்றார். தன் வீட்டில் வேலை செய்த பெண்ணுக்கும் தனக்கும் ஒரு மகன் இருப்பதை 2011இல் ஒத்துக்கொண்டார். 2023இல் வந்த ஆவணத் தொடரில், பெண்களிடம் தான் நடந்துகொண்டது தவறுதான் என்று கேமரா முன் சொன்னார்.

ஒரு மனிதர் தன் உடலை இத்தனை கட்டுப்பாட்டோடு ஆண்டிருக்கிறார். அதே மனிதர் பிறர் உடல் முன்னால் அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டார் என்று பெண்கள் சொல்கிறார்கள். அப்படியானால் முதலாவதை நாம் வலிமை என்று சொல்லலாமா? இதுதான் என் கேள்வி.

கவிதையைக் கவிஞரிடமிருந்து பிரித்துப் படிக்கலாமா என்று வகுப்பில் நாங்கள் வாதாடுவதுண்டு. பிரிக்கலாம் என்போருக்கு அங்கே ஒரு வழி இருக்கிறது: கவிதை காகிதத்தில் இருக்கிறது, கவிஞர் வேறெங்கோ இருக்கிறார். உடற்கட்டு வீரரிடம் அந்த வசதி இல்லை. அவருடைய படைப்பே அவர் உடல்தான். மேடையில் பரிசு வாங்கிய கையும், அந்தப் பெண்கள் சொன்ன கையும் ஒன்று. ஆகவே சாதனையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், மற்றது நமக்கெதற்கு என்று சொல்லிவிட முடியாது.

உடற்கட்டுக்கென்று ஓர் அறம் உண்டு. என் உடல் என்னுடையது. அதை எப்படி வைத்துக்கொள்வது என்று நான்தான் முடிவெடுப்பேன். வலியையும் நானே ஏற்பேன். இதைக் கேட்கும்போது பெண்ணியம் பேசுகிற யாருக்கும் உள்ளுக்குள் ஓர் ஒத்திசைவு வரும். நாங்களும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்த வாக்கியம் உண்மையானால் எல்லாருக்கும் உண்மையாக வேண்டும். உடல் அதை உடையவருக்கே சொந்தம் என்று தன் தசை ஒவ்வொன்றாலும் சொன்ன ஒருவருக்கு, எதிரே நிற்கும் பெண்ணின் உடலும் அவளுக்கே சொந்தம் என்பது எல்லாருக்கும் முன்னால் விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை என்றால், அவர் கொண்டாடியது உடலின் சுதந்திரத்தை அல்ல. தன் ஓர் உடலின் ஆட்சியை மட்டும்தான்.

தமிழில் இதைப் பேசப் பழைய சொல் ஒன்று கையில் இருக்கிறது. பிறனில் விழையாமை அதிகாரத்தில் வள்ளுவர் 'பேராண்மை' என்ற சொல்லை ஆள்கிறார். போர்க்களத்து ஆண்மையைவிடப் பெரிய ஆண்மையாக அவர் காட்டுவது அடக்கத்தை. இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியும் சங்கடமும் சேர்ந்தே வரும். அடக்கத்தை வலிமை என்றது பெரிய விஷயம். ஆனால் அந்த அதிகாரத்தின் தலைப்பில் பெண், 'பிறன்' ஒருவனின் இல்லாள். அவள் இன்னொருவனுடையவள் என்பதால் விலகி நிற்கச் சொல்கிறது. யாருடைய மனைவியாகவும் இல்லாதவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவள் அவளுடையவள் என்பதால் கையை மடக்கிக்கொள்கிற ஆண்மைக்கு இன்னும் அதிகாரம் எழுதப்படவில்லை.

சொல்லைப் பற்றிப் பேசுவதால் இன்னொன்றும் கேட்கிறேன். உடற்கட்டுப் போட்டியில் வென்றவனை நாம் ஆணழகன் என்கிறோம். இதற்குப் பெண்பால் என்ன? 'அழகி' என்றால் அது வேறு மேடை. தசை வளர்த்த பெண்ணுக்குத் தமிழில் பட்டம் இல்லை. உலகமும் பெரிய வித்தியாசமில்லை. மிஸ்டர் ஒலிம்பியா 1965இல் தொடங்கியது. பெண்களுக்கான மிஸ் ஒலிம்பியா 1980இல்தான் வந்தது. 2005ஆம் ஆண்டுப் போட்டிகளுக்கு முன்பு, பெண் போட்டியாளர்கள் தசையை 20 சதவீதம் குறைத்துக்கொண்டு வர வேண்டும் என்று சர்வதேசக் கூட்டமைப்பு சொன்னது. ஆண்களுக்கு அப்படி ஒரு சொல் இல்லை. தன் உடலைத் தானே செதுக்கும் உரிமை, பெண்ணிடம் வரும்போது நடுவர்களின் கண்ணுக்குக் கட்டுப்பட்டதாகிவிடுகிறது.

2014 செப்டம்பரில் 'ஐ' படத்தின் பாடல் வெளியீட்டுக்கு அர்னால்டு சென்னைக்கு வந்தார். 2003 நடந்து 11 ஆண்டு ஆகியிருந்தது. அவரை வரவேற்ற ஆரவாரத்தில் அந்தப் பெண்களுக்கு இடமில்லை. அடுத்த பொங்கலுக்குப் படம் வந்தது. அதன் நாயகன் ஓர் உடற்கட்டு வீரன். திருநங்கைப் பாத்திரத்தை அதில் கேலிப்பொருளாக்கியதை எதிர்த்துத் திருநங்கையர் போராடினார்கள். ஒரு கட்டான உடலைக் கொண்டாட, இன்னொரு உடலை இழிவுபடுத்த வேண்டியிருக்கிறது என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

இதெல்லாம் தொலைவில் நடப்பவை என்று தோன்றலாம். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி காவலர் தேர்வுக்குத் தயாரானாள். ஓட்டமும் நீளம் தாண்டுதலும் உண்டு. விடிகாலையில் கண்மாய்க் கரையில் ஓடிப் பழகினாள். ஜிம்முக்குப் போகும் அண்ணன் பாதுகாப்புக்கு என்று பைக்கில் பின்னால் வருவான். ஒரு மாதத்தில் அவனே நிறுத்திவிட்டான். "பசங்க பாக்குறாய்ங்க, வேணாம்." பார்த்தவர்கள் அவனோடு ஒரே ஜிம்மில் எடை தூக்குகிறவர்கள். அவர்களிடம் பேச அவனுக்கு நா எழவில்லை. தங்கையை வீட்டில் உட்காரவைக்க எழுந்தது. எழுத்துத் தேர்வில் தேறியவள் ஓட்டத்தில் தோற்றாள். வீட்டில் முட்டை அவனுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

அந்த அண்ணன் கெட்டவன் இல்லை. தசை எதற்கு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், பெண்ணைக் காப்பதற்கு என்றே சொன்னார்கள். காப்பவன் காவலின் எல்லையைத் தானே வரைகிறான். அவள் அதற்குள் நிற்க வேண்டும்.

வலிமைக்கு வேறு பாடம் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தில் 1500க்கும் மேற்பட்டவர்கள் சைக்கிளில் புதுக்கோட்டைத் தெருக்களை நிறைத்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தவர்கள், முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைத்து ஓட்டினார்கள். அந்தக் கால்களின் பலத்தை அளக்க நடுவர் இல்லை, பரிசும் இல்லை. யாருடைய உடலையும் அது எல்லைக்குள் நிறுத்தவில்லை. தண்ணீர்க் குடத்தோடும் பிள்ளையோடும் அவரவர் போக வேண்டிய இடத்துக்குப் போனார்கள். நான் வலிமை என்று சொல்லத் தயாராக இருப்பது இதைத்தான்.

ஜிம் சுவரிலிருந்து அர்னால்டைக் கழற்றச் சொல்லவில்லை. மீதிக் கதையையும் பையன்களுக்குச் சொல்லுங்கள்: அந்தப் பெண்கள் சொன்னதையும், 76 வயதை எட்டும்போது அந்த மனிதரே தவறு என்று சொன்னதையும். இத்தனை எடை தூக்கியவருக்கு அந்த ஒரு சொல்லைத் தூக்க இத்தனை வருடம் ஆனது என்பதும் பாடம்தான். கூடவே காலையில் ஒரு மணி நேரம் ஜிம்மைப் பெண்பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள். ஆணழகனுக்குப் பெண்பால் அகராதியில் இல்லை என்று நாங்கள் கவலைப்படவில்லை. அவள் முதலில் உள்ளே வரட்டும். சொல்லை அவளே வைத்துக்கொள்வாள்.