காத்திருப்பவர் கடன்

ஏற்கெனவே வந்துவிட்ட ஒருவருக்காக ஆண்டுதோறும் காத்திருப்பதில் என்ன தாத்பரியம் இருக்கிறது என்று, கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைத் திருவருகைக் காலமாக அனுஷ்டிக்கும் குடும்பத்தாரை நோக்கி அயல்வீட்டு அன்பர் ஒருவர் கேட்பாரானால், அதற்கு விடை சொல்வது அத்தனை எளிதன்று. பாலன் பிறந்து இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்துவிட்டன என்று விசுவசிக்கும் நாமே, இன்னும் அவர் பிறக்கவில்லை என்பதுபோல வெற்று முன்னணையைக் குடிலில் வைத்துக்கொண்டு நாள் எண்ணுவது வெறும் பாவனைதானா, அல்லது அந்தப் பாவனைக்குள்ளே ஒரு சத்தியம் உண்டா என்பது விசாரிக்கத் தக்க விஷயமே.

இக்காலம் தொடக்கத்தில் கொண்டாட்டமாக இருக்கவில்லை. ஆறாம் நூற்றாண்டில், இன்றைய பிரெஞ்சு தேசத்து மாக்கோன் நகரில் கூடிய ஆயர்கள் சங்கம், நவம்பர் 11இல் வரும் அர்ச்சியசிஷ்ட மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் உபவாசம் இருக்கும்படி விதித்தது. அந்த விரதம் நாளடைவில் தளர்ந்துபோனாலும், அதன் நிழலாக இன்றும் குருவானவர் ஊதா உடை தரிக்கிறார். ஞாயிறு பூசையில் ‘உன்னதங்களிலே’ கீதம் நிறுத்தி வைக்கப்படுகிறது. வீட்டுக்குள் விளக்கு வளையம் வந்ததோ மிகப் பிற்காலத்தில். ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விகெர்ன் என்னும் புராட்டஸ்டாண்டு போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தின் மீது மெழுகுவர்த்திகளை நிறுத்தி, நாளுக்கொன்றாக ஏற்றி வந்தார் என்பர். இல்லாமையில் வளர்ந்த குழந்தைகளின் அவசரத்துக்குச் சொன்ன பதிலாகவே அந்த வழக்கம் பிறந்தது என்பது மறக்கத் தக்கதன்று.

புதுவைக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பெரிய முதலியார்சாவடியிலும், அங்கிருந்து மரக்காணம் வரை நீளும் கரையிலும், இந்த நான்கு வாரங்கள் வந்து சேர்வது இல்லாமை மிகுந்த பருவத்தில்தான். தை பிறந்தபின் தேங்கிய மழைநீரை இறைத்து, பாத்தி மிதித்து, வெயில் காலமெல்லாம் உப்பு வாரிய கைகள், வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் ஓய்ந்துவிடுகின்றன. கார்த்திகையில் உப்பளம் முழுதும் ஒரே நீர்ப்பரப்பாகக் கிடக்கிறது. வேலையற்ற அம்மாதங்களுக்கென்று அரசாங்கம் தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தை எதிர்பார்த்து உப்பளத் தொழிலாளர் இருக்க, புயல் கூண்டு ஏறிய நாட்களில் படகுகளை மணலில் இழுத்துப் போட்டுவிட்டு மீனவர் வானத்தைப் பார்த்திருக்கின்றனர். ஆகவே காத்திருத்தல் என்பது இக்கரையில் கிறிஸ்தவருக்கு மட்டும் உரிய விரதமன்று. எல்லோருக்கும் வாய்த்த நிலை அது.

ஆயினும் காத்திருத்தலில் இருவகை உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கடற்கரையாகிய நெய்தலுக்கு இரங்கலையும், காடாகிய முல்லைக்கு இருத்தலையும் அவர்கள் உரிப்பொருளாக வகுத்தனர். போனவர் வருவாரோ மாட்டாரோ என்று கலங்குவது இரங்கல். கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போனவரின் சொல்லை நம்பி இல்லறத்தை நடத்திக்கொண்டிருப்பது இருத்தல். நெய்தல் நிலத்தில் வாழும் நாங்கள் ஆண்டுக்கு நான்கு வாரம் முல்லை ஒழுக்கத்தைப் பயில்கிறோம் என்று சொன்னால் அது மிகையாகாது.

பயிலும் விதம் எளியது. பைன் தழை இங்கே ஏது? சவுக்குத் தழையை வளையமாகக் கட்டி, பித்தளைத் தாம்பாளத்தில் மரக்காணத்துக் கல்லுப்பைக் குவித்து, ஊதா நிறத்தில் மூன்றும் ரோஜா நிறத்தில் ஒன்றுமாக மெழுகுவர்த்திகளை அதில் ஊன்றுவோம். மழைக்காலத்து ஈரக்காற்றில் உப்பு கசிந்து அடி நெகிழும். மெழுகுவர்த்திகள் மெல்லச் சாயும். ஈர உப்பை ஒதுக்கிவிட்டு உலர்ந்ததை இட்டு அவற்றை நிமிர்த்தி வைப்பது வீட்டில் இளையவளின் கைங்கரியம். அன்றன்று செய்த நற்காரியம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வைக்கோல் துரும்பை முன்னணையில் இடுவதும் அவளே. பாலன் சுரூபம் மட்டும் இருபத்துநான்காம் தேதி இரவு வரை அலமாரியில் இருக்கும்.

2024ஆம் ஆண்டில் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 1. அதற்கு முந்திய இரவில்தான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழையைக் கொட்டியது. மின்சாரம் போன இருளில், ஓடு பறந்த வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு வந்து சேர்ந்த அயலாருக்குப் பால் காய்ச்ச வேண்டியிருந்தது. செபத்துக்கென்று வைத்திருந்த முதல் மெழுகுவர்த்தி அடுப்படிக்குப் போயிற்று. காலையில் பார்த்தபோது அது பாதிக்கு மேல் உருகியிருந்தது. செபம் தவறியதே என்று வருந்துவதா, அல்லது அதுதான் அவ்வாண்டின் முதல் செபம் என்று கொள்வதா?

பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவியான அர்ச்சியசிஷ்ட பெர்நார்து இதற்கு வெளிச்சம் தருகிறார். ஆண்டவரின் வருகை மூன்று என்பது அவர் போதனை: மாம்சத்தில் பலவீனராக வந்தது முதலாவது, மகிமையோடு வரப்போவது இறுதியானது, இவ்விரண்டுக்கும் நடுவே, பிறர் கண்ணுக்குத் தெரியாமல் ஆத்துமத்துக்குள் வருவது மற்றொன்று. கழிந்ததை நினைப்பதும் கடைசி நாளை எதிர்நோக்குவதும் இந்த நடு வருகைக்கு நம்மை ஆயத்தம் செய்யவே. பாத்தியை மிதித்துச் சமன்செய்து நீர் கட்டுவது மனித யத்தனம், உப்பு விளைவதோ வெயிலின் கொடை. அதுபோல ஆயத்தம் நம்முடையதாயினும் வருகை அவருடைய கிருபையே. எந்த வேளையில், எவருடைய ரூபத்தில் அவர் வருவார் என்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் நமக்கில்லை; ஆகையால்தான் காத்திருத்தல் பாவனையாகாமல் நித்திய கடமையாகிறது.

அக்கடமையின் உரைகல் யாது? யாகப்பர் எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுத்திருக்கும் உழவனைப்போல ஆண்டவரின் வருகை வரை பொறுத்திருங்கள் என்னும் உபதேசம் வருகிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று கோவிலில் அது வாசிக்கப்படுகிறது. ஆனால் அதே அதிகாரத்தில், அதற்குச் சற்று முன்னதாக, வயலில் அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்ற கண்டனமும் இருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கிறவருக்கு ஒன்று விளங்கும்: ஆண்டவருக்காகக் காத்திருக்கிற வீடு, தன் வாசலில் ஒருவரையும் காக்க வைக்கலாகாது. புத்தாடையும் கல்கலும் அதிரசமும் பின்னர் வரட்டும். பாத்திரம் துலக்க வரும் அம்மாளின் சம்பளம், கீற்று வேய்ந்தவரின் கூலி, மீன் கூடைக்காரியிடம் வைத்த பாக்கி ஆகியவை மூன்றாம் மெழுகுவர்த்தி ஏற்றப்படுவதற்குள் தீர்ந்திருக்க வேண்டும்.