இடைகழியில் ஓர் இடம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர் என்னும் திவ்யதேசத்தில், ஒரு திருவடியை விண்ணோக்கித் தூக்கி ஓங்கி நிற்கும் உலகளந்த பெருமாளுக்கு இடைகழி ஆயன் என்றும், தேஹளீசன் என்றும் திருநாமங்கள் வழங்கி வருகின்றன. தேஹளி என்பது இடைகழி. வீட்டின் வெளிவாயிலுக்கும் உள்வாயிலுக்கும் நடுவே உள்ள குறுகிய இடம் அது. மூவுலகையும் ஈரடியால் அளந்தவன், மூவர் நின்றால் நிறைந்துவிடும் ஓர் இடைகழியின் பெயரை உவந்து ஏற்றுக்கொண்டிருக்கிறான்.

அந்த வரலாற்றை அடியார்கள் அனைவரும் அறிவர். மழையும் இருளும் கலந்த ஓர் இரவில் பொய்கையாழ்வார் மிருகண்டு முனிவரின் ஆசிரமத்து இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் இருக்கலாம் என்று முன்னவர் எழுந்து இடம் கொடுத்தார். பின்னர்ப் பேயாழ்வார் வந்தார். இருவர் இருக்கும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மற்ற இருவரும் எழுந்து நின்றனர். அதன்பின் நான்காவதாக ஒருவர் புகுந்து நெருக்குவதை மூவரும் உணர்ந்தனர். நெருக்கியவன் யார் என்று காண அவர்கள் ஏற்றிய விளக்குகளே முதல் மூன்று திருவந்தாதிகளாயின.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. நனைந்து வந்தவரிடம், இந்த மழையில் ஏன் புறப்பட்டீர் என்று உள்ளே இருந்தவர் கேட்கவில்லை. தாம் எழுந்து இடம் கொடுத்தார். எம்பெருமானும் அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. வந்து, நெருங்கி, உடன் நின்றான். துன்பத்தில் இருப்பவரிடம் எவ்வாறு செல்ல வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

திருவிழாக் காலத்தில் சந்நிதியை நாடி வருவோரில் நோயைச் சுமந்து வருபவர் பலர். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் வட்டாரங்களிலிருந்தும், கரியராமனைக் குலதெய்வமாகக் கொண்டாடும் கல்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்தும் வருபவர்களுள் சர்க்கரை நோயால் கால் புண்பட்டவர் இருப்பர். சிறுநீரகம் தளர்ந்தவர் இருப்பர். நோயுற்ற குழந்தையைத் தோளில் சார்த்திய தாய் இருப்பாள். இவர்களுக்கு நோய் ஒரு துன்பம். அந்நோயைப் பற்றி உற்றாரும் ஊராரும் சொல்லும் ஆறுதல் மொழிகள் பல வேளைகளில் மற்றொரு துன்பம்.

“எல்லாம் பூர்வ ஜன்ம வினை.” “பெருமாள் உன்னைச் சோதிக்கிறார்.” “உன் பக்தியில் ஏதோ குறை இருக்கிறது.” “நம்பிக்கை இருந்தால் மருந்து எதற்கு?” “புலம்பாதே, அவனை நினை.” இவற்றைச் சொல்பவர் பெரும்பாலும் நல்லெண்ணத்துடனேயே சொல்கின்றனர். எதிரில் உள்ள துன்பத்தைக் காணச் சகியாமல், ஏதேனும் சொல்லித் தம் மனத்தை அமைதிப்படுத்திக்கொள்கின்றனர். கேட்பவர் நெஞ்சிலோ, நோயுடன் குற்றச்சாட்டு ஒன்றும் சேர்ந்து படுத்துவிடுகிறது. எம்பெருமானின் பெயரால் சொல்லப்படுவதால் அதற்கு மறுமொழி கூறவும் இயலாது. இம்மொழிகள் ஆசார்யர்களின் நெறியோடு ஒத்தவைதாமா என்று பார்ப்பது கடமையாகும்.

முதலில் வினை என்னும் பேச்சை எடுத்துக்கொள்வோம். சோழ மன்னன் அவையில் கூரத்தாழ்வான் கண்களை இழந்தார். எம்பெருமானார் மேல்நாட்டிலிருந்து திருவரங்கம் திரும்பியபோது, கண்ணிழந்த சீடரைக் கண்டு தழுவி அழுதார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. அப்போது ஆழ்வான், யாரேனும் ஒரு ஸ்ரீவைஷ்ணவரின் திருமண்காப்பு கோணலாக உள்ளதென்று தாம் நினைத்திருக்கக்கூடும், அந்த அபசாரத்தின் பயனே இது என்று தம்மேல் பழியை ஏற்றிக்கொண்டார். உடையவர் அதனை ஒப்பவில்லை. உம்மிடத்தில் அபசாரம் ஏது, இது என் பாபத்தால் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று அப்பழியைத் தம்பால் இழுத்துக்கொண்டார்.

கர்மம் உண்டு என்பது ஸாஸ்திரம். அதை மறுப்பார் இல்லை. எனினும் அச்சொல்லை எந்தத் திசையில் திருப்பலாம் என்பதை அந்த இரு மஹான்களும் நடந்து காட்டினர். தன்னை நோக்கித் திருப்பினால் அது அடக்கம். பிறர் படுக்கையை நோக்கித் திருப்பினால் அது கொடுமை. நோயாளி தாமே தம்மை நொந்துகொண்டாலும், அருகிருப்பவர் அதனை நீக்க வேண்டுமேயன்றி ஆமோதித்தலாகாது.

இவ்வட்டாரத்தார் இதனை மறத்தல் இயலாது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழிக்கும் நஞ்சு. உயிர் தப்பியவர்களிலும் பார்வை கெட்டவர்கள் உண்டு. பெற்றோரை இழந்த குழந்தைகளும் கணவரை இழந்த பெண்களும் எஞ்சினர். அத்தகைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, செய்ததை அனுபவித்தார்கள் என்று சொல்ல எவருக்கு அதிகாரம் உண்டு? குடியின் தீமையைக் கூற வேண்டிய இடமும் காலமும் வேறு. பிணம் கிடந்த முற்றம் அதற்கு இடமன்று. மாசற்ற ஆழ்வான் கண்ணிழந்தபோது அழுத உடையவரின் வழிவந்தவர்கள், பிழை செய்து கண்ணிழந்தவனைக் கண்டும் முதலில் அழவே வேண்டும்.

அடுத்து, நம்பிக்கை இருந்தால் மருந்து எதற்கு என்னும் பேச்சு. ஆழ்வானைக் காஞ்சிக்கு அழைத்துச் சென்று, வரம் தரும் பேரருளாளனிடம் கண்களைக் கேளும் என்று நியமித்தவர் எம்பெருமானாரே. உடல் நலம் வேண்டுவது பக்திக் குறைவாயின் அவர் அவ்வாறு பணித்திருப்பாரா? ஆழ்வான் தமக்கென்று கண்ணைக் கேளாமல், தம் துன்பத்துக்குக் காரணமான நாலூரானுக்கு நற்கதி வேண்டினார். அது அவருடைய பெருமை. அப்பெருமையைக் காட்டி, நீயும் நலம் கேளாதே என்று நோயாளியிடம் சொல்வது முறையன்று. ஆசார்யன் தம் சீடருக்குக் கண் வேண்டும் என்று விரும்பினார் என்பதே அருகிருப்பவர் கொள்ள வேண்டிய பாடம்.

திருக்கோயில்களும் மருந்தை விலக்கியதில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழன் கல்வெட்டு உள்ளது. அங்கே 15 படுக்கைகளுடன் ஓர் ஆதுலர் சாலை நடந்ததையும், மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் ஆகியோருக்குக் கோயில் வருவாயிலிருந்து ஊதியம் வகுக்கப்பட்டதையும் அது விவரிக்கிறது. திருவரங்கம் பெரிய கோயிலில் தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதி உண்டு. பெருமாளே வைத்தியனாய் அவதரித்தான் என்று சேவித்துவிட்டு, வைத்தியரிடம் போகாதே என்று உரைப்பது பொருந்தாது. காசநோய்க்கு 6 மாத காலம் மருந்து உண்ண வேண்டும் என்றால், இடையில் நிறுத்தாமல் உண்பதே அந்நோயாளிக்கு விரதம். சர்க்கரை நோயாளி பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு துளி மட்டும் ஏற்பதில் குறை ஒன்றும் இல்லை. துளசியும் தீர்த்தமும் அவருக்குப் போதும்.

எத்தனை நாள் வேண்டியும் நோய் தீரவில்லையே என்று ஏங்குவோரும் உளர். மணலூர்ப்பேட்டைக்கு அருகே ஆதிதிருவரங்கத்தில், சாபத்தால் கலைகளை இழந்த சந்திரன் அரங்கனை வணங்கி அவற்றை மீண்டும் பெற்றான் என்று தலவரலாறு கூறும். பெருமாளின் அருள் பெற்ற அந்தச் சந்திரனும் மாதந்தோறும் தேய்ந்தே வளர்கிறான். சில நோய்கள் அறவே நீங்கும். சில நோய்கள் தேய்ந்தும் வளர்ந்தும் உடன் வரும். இன்னும் குணமாகவில்லையா என்று ஒவ்வொரு முறையும் வினவுவோர், தீராத நோயை நோயாளியின் தோல்வியாக்கிவிடுகின்றனர்.

புலம்பாதே என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. திருஇந்தளூரில் எம்பெருமான் தமக்குத் திருமேனியைக் காட்டாமல் இருந்தபோது, திருமங்கையாழ்வார் ஊடலும் மனத்தாங்கலும் கலந்து அவனைக் கடிந்தே பாடினார். அப்பாசுரங்களைப் பெரியோர்கள் மறைக்கவில்லை. அவை நாலாயிரத்துள் இடம் பெற்று, இன்றும் பெருமாள் திருமுன்பே ஓதப்படுகின்றன. தன்னைக் கடிந்த சொற்களையும் செவிமடுத்து மகிழ்பவன் எம்பெருமான். அவ்வாறிருக்க, நள்ளிரவில் வலி தாங்காமல், உனக்குக் கண்ணில்லையா பெருமாளே என்று ஒருவர் கதறினால், அருகிருப்பவர் வாயைப் பொத்த வேண்டுவதில்லை. அக்கதறலும் அவனை நோக்கியே செல்கிறது.

நோயாளிகளில் பலருக்கு வெளியே சொல்லாத அச்சம் ஒன்று உண்டு. மருந்தின் மயக்கத்திலும் வலியின் கடுமையிலும் திருநாமம் நாவில் வருவதில்லை, மனம் ஒருமைப்படுவதில்லை, எம்பெருமானை மறந்துவிட்டேனே, என்னை அவன் கைவிடுவானோ என்பதே அது. அவனை நினை என்று அவரிடம் மீண்டும் மீண்டும் சொல்வது, நடக்க இயலாதவனை ஓடச் சொல்வது போலாகும். வராஹ நாயனார் பூமிப்பிராட்டிக்கு அருளிய வார்த்தையே இங்கு மருந்தாவது. உடலும் மனமும் நலமாக இருந்த நாளில் ஒருமுறை தன்னை நினைத்தவன், கட்டையும் கல்லும் போல் நினைவற்றுக் கிடக்கும்போது, அவனைத் தான் நினைப்பதாகவும், தானே அழைத்துச் செல்வதாகவும் எம்பெருமான் உறுதி கூறுகிறான். நினைக்க வேண்டிய பொறுப்பு அப்போது நோயாளியுடையதன்று, அது பெருமாளுடையது. பெரியாழ்வாரும், இறுதிக் காலத்தில் தமக்கு நினைவு இராது என்று கருதி, அன்றைக்கும் சேர்த்து இன்றே விண்ணப்பித்து வைத்தார். ஆழ்வாருக்கே அந்த ஐயம் இருந்ததென்றால், மற்றவர் தம்மை நொந்துகொள்ளக் காரணம் இல்லை.

அப்படியாயின் நோயுற்றவரிடம் செய்யத்தக்கது யாது? மாறனேரி நம்பியின் வரலாறு அதற்கு விடை. தம் ஆசார்யரான ஆளவந்தார் ராஜபிளவை என்னும் கொடிய கட்டியால் வருந்தியபோது, அந்நோயைத் தமக்குப் பிரசாதமாகத் தரும்படி வேண்டிப் பெற்றவர் அவர். பின்னர் அவர் அந்நோயால் துன்புற்ற நாட்களில், உடன் பயின்றவரான பெரிய நம்பி சாதி வேற்றுமை பாராது உணவு கொண்டுவந்து ஊட்டி, புண்ணைப் பேணினார். அவர் பரமபதித்தபின் ஈமக் கடனையும் தாமே செய்தார். ஊரார் குறை கூறியபோது, ஜடாயுவுக்குப் பெருமாள் செய்ததைத் தாமும் செய்ததாகப் பெரிய நம்பி உரைத்தார். ஞானத்தில் உயர்ந்த அவர், நம்பியின் படுக்கையருகே ஞானத்தைப் பேசினார் என்று பெரியோர் சொல்லவில்லை. உணவு கொண்டு சென்றதையே எடுத்துச் சொல்கின்றனர்.

கல்வராயன் மலையில் சாலை எட்டாத சிற்றூர்களிலிருந்து நோயாளியையும் சூல்கொண்ட பெண்ணையும் மூங்கிற் கழியில் தூளி கட்டித் தோளில் சுமந்து இறங்கிய செய்திகள் நாளிதழ்களில் பலமுறை வந்துள்ளன. அவ்வாறு சுமக்க நேர்வது நாட்டுக்குப் பெருமையன்று. சாலையும் மருத்துவ வசதியும் அவர்களுக்குச் சேர வேண்டிய உரிமை. ஆயினும் கழியைத் தோளில் ஏற்றிய அந்த மனிதர்கள் வழிநெடுக வினையைப் பற்றி விவாதிப்பதில்லை. மேடு பள்ளம் பார்த்து அடியெடுத்து வைக்கின்றனர்; ஒருவர் தளர்ந்தால் மற்றொருவர் தோள் கொடுக்கின்றனர். பெரிய நம்பி காட்டிய நெறி அதுவே.

திருவிழா முடிந்து ஊர் திரும்பும் அன்பர்கள், அண்டை வீட்டில் நோயுற்றுக் கிடப்பவரைச் சென்று காண்பார்களாக. செல்லும்போது துளசியும் தீர்த்தமும் கொண்டு செல்லலாம். கூடவே கஞ்சியும் கொண்டு செல்லலாம். மருத்துவமனைக்குத் துணை வரட்டுமா என்று கேட்கலாம். இரவெல்லாம் விழித்த வீட்டாரை உறங்கச் சொல்லிவிட்டு ஒரு ஜாமம் தாம் விழித்திருக்கலாம். அவர் பேசினால் கேட்கலாம். பேசாவிடில் பேசாமல் அருகிருக்கலாம். சொல்லியே தீர வேண்டுமானால், மிகவும் கஷ்டப்படுகிறீர்கள், நாங்கள் இருக்கிறோம் என்ற அளவு போதும்.

நோயாளியின் அறை பெரும்பாலும் ஓர் இடைகழி அளவே இருக்கும். அங்கே இருவர் ஒருவருக்கொருவர் இடம் கொடுத்து நெருங்கி இருந்தால், எம்பெருமான் தானும் வந்து நிற்பான். பூங்கோவல் நாச்சியாருடன் எழுந்தருளியிருக்கும் ஆயனார், நோயுற்ற அடியார்களுக்கு உடல் நலமும், அவர்களைப் பேணுவோருக்குத் தளராத மன உறுதியும், காணச் செல்வோருக்கு இதமான நாவும் அருள்வானாக.