சினமற்ற கை

சினங்கொண்ட சிறுவனொருவனைச் சினமின்றித் தடுத்து நிறுத்துவது சாத்தியமா என்பதும், சாத்தியமெனில் அங்ஙனம் தடுத்த கையில் ஹிம்ஸையின் கறை படியவில்லை என்று துணிந்து கூறலாமா என்பதும் மடங்களில் மட்டும் எழுப்பத்தக்க வினாக்கள் அல்ல. அன்பை இழந்தும், அடிபட்டும், சட்டத்தின் பிடியில் சிக்கியும் வந்து சேரும் பிள்ளைகளைப் பராமரிக்கும் இல்லங்களில், மாதச் சம்பளத்திற்குப் பணிபுரிவோர் அன்றாடம் தம் செயலால் விடை கூற வேண்டிய வினாக்கள் அவை.

முதல் உலக யுத்தம் ஓய்ந்த 1918ஆம் ஆண்டில், ஆஸ்திரியாவின் ஓபர்ஹொல்லாப்ருன் என்னும் ஊரில் அத்தகைய இல்லமொன்றை ஏற்று நடத்தப் புகுந்த ஆகஸ்ட் ஐக்ஹார்ன், மூர்க்கம் மிகுந்த பிள்ளைகளைத் தனிக் குழுவாக வைத்து, அவர்கள் மேஜை நாற்காலிகளை நொறுக்கியபோதும், எவருக்கும் அபாயம் நேராத வரையில் பலப்பிரயோகம் கூடாதென்று தம் சகாக்களைப் பணித்தார். எதிர்ப்பையே உண்டு வளர்ந்திருந்த அந்த ஆவேசம், அது கிடைக்காமையால் முதலில் பன்மடங்கு பெருகி, பின்னர் வெறும் பாசாங்காகி, முடிவில் அழுகையாக உடைந்தது. இவ்வனுபவங்களைக் கூறி 1925இல் வெளிவந்த அவருடைய நூலுக்கு பிராய்டு முன்னுரை வழங்கினார். (நாற்காலிகளின் செலவு யார் தலையில் விழுந்திருக்கும் என்று கேட்கும் லௌகிக புத்தி என்னை விடுவதில்லை.)

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் இத்தகைய இல்லங்களின் ஊழியர்க்கென வகுத்த நெருக்கடித் தலையீட்டுப் பயிற்சியும், பிள்ளையை நோக்குமுன் தன் உள்ளத்தில் அக்கணம் எழும் உணர்ச்சி யாதென ஊழியர் நோக்க வேண்டும் என்கிறது. வெகுளாமையைத் திருவள்ளுவர் துறவறவியலில் வைத்தார்; இப்பயிற்சியோ அதனை இரவுப் பணியாளரிடமும் எதிர்பார்க்கிறது. இது மிகையென்று நான் கருதவில்லை. பிள்ளையின் கோபம் ஜன்னலை உடைப்பதோடு நின்றுவிடலாம், அதிகாரமுள்ளவரின் கோபமோ உயிரையே குடிக்கவல்லது. 1998இல் அமெரிக்காவின் 'ஹார்ட்ஃபோர்டு கூரண்ட்' பத்திரிகை, மனநோய் நிலையங்களிலும் பராமரிப்பு இல்லங்களிலும் அடக்கிப் பிடிக்கப்பட்டோ தனித்து அடைக்கப்பட்டோ பத்தாண்டுகளில் 142 பேர் மாண்டதை வெளியிட்டது. அவர்களுள் சிறுவரும் இருந்தனர்.

எனினும், தன்னையோ பிறரையோ கொல்லத் துணிந்தவனைப் பிடித்து நிறுத்தியே ஆகவேண்டிய தருணமும் உண்டு. ஹிம்ஸையை மனத்தில் நிகழும் பாவ ஹிம்ஸையென்றும், புறத்தில் நிகழும் திரவிய ஹிம்ஸையென்றும் சமணர் பகுத்தனர். பயிற்சி மனத்தைச் சுத்தி செய்யலாம்; பிடித்த கையின் வலியோ பிள்ளையின் உடம்பில் எஞ்சுகிறது. கருத்து தூயது என்பதனால் காரியம் தீர்ந்துவிடுமாயின், சமண முனிவர் நடந்து திரும்பியபின், தம்மையறியாது மிதித்திருக்கக்கூடிய சிற்றுயிர்களுக்காகப் பிரதிக்கிரமணம் என்னும் கழுவாய் செய்ய வேண்டுவதில்லையே.

ஆகையால், கொந்தளிப்பு அடங்கியபின் பிள்ளையைத் தனியே அமர்த்தி, நிகழ்ந்ததை அவன் நோக்கில் கேட்டறிந்து, அவனை மீண்டும் அன்றாட அலுவல்களில் சேர்க்க வேண்டுமென்னும் விதியே இப்பயிற்சியில் எனக்கு ஆழமானதாகத் தோன்றுகிறது. படிவத்தை நிரப்புவதோடு கடமை முடிந்ததென எண்ணும் நிர்வாகங்கள் இதனை எளிதில் விட்டுவிடும். பிடித்தவர் தம் அறிக்கையில் கையொப்பமிடுமுன், பிடிபட்டவன் கூறுவது அவனுடைய சொற்களிலேயே அதில் பதிவாகியிருக்க வேண்டும்.