ஒற்றைச் சொல் வசனம்

"இது எந்த இடம், அம்மா?" என்று டொக்டர் பிள்ளை கேட்டார். அம்மா சுவரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இடம்பெயர்ந்து வந்திருக்கிறம், பிள்ளை" என்றார். படிவத்தில் அதற்குப் பூச்சியம்.

அன்று காலைதான் விசுவமடுவில் பஸ் ஏறி, பரந்தன் வீதியால் கிளினிக்குக்கு வந்திருந்தோம். விடை பிழைதான். ஆனால் 2009 தை மாதம் யுத்தத்துக்குள் இதே விசுவமடுவை விட்டு வெளிக்கிட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று போன இடமெல்லாம் தறப்பாள் கட்டி, கடைசியில் மெனிக் பாம் முகாமில் போய் இருந்தபோது, யார் கேட்டாலும் அம்மா சொன்ன சரியான விடை அதுவாகத்தான் இருந்தது.

டொக்டர் வைத்த அந்த ஞாபகப் பரீட்சையை 1975இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மக்ஹியூ என்ற மருத்துவரும் சேர்ந்து உண்டாக்கினார்கள். மொத்தம் 30 புள்ளி. இன்றைக்கு என்ன திகதி, என்ன கிழமை, என்ன பருவகாலம்? அவர்களுக்கு நான்கு பருவம். அம்மாவுக்கு மாரியும் கோடையும்தான். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்பார்கள். பென்சிலைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள். 24க்குக் கீழே போனால் சந்தேகம். பள்ளிக்கூடம் குறைவாகப் போனவர்களுக்கு அந்த எல்லையைத் தளர்த்திப் பார்க்க வேண்டும் என்றும் டொக்டர் சொன்னார். அம்மா ஐந்தாம் வகுப்பு.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது அம்மா பேசாமல் இருந்தார். எழுபதுகளில் மிளகாய் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்திய காலத்தில், எங்கள் தோட்டத்துச் செத்தல் மிளகாயை நிறுத்து, வியாபாரி வாய் திறக்கமுதல் காசுக் கணக்குச் சொன்ன மனுசி. "நூறு ரூபாயிலை ஏழு ரூபா போனால் எண்டு கேளுங்கோ" என்று சொல்ல வாயெடுத்தேன். டொக்டர் கையைக் காட்டி மறித்தார். எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே மாதிரிக் கேட்டால்தான் ஆறு மாதம் கழித்து ஒப்பிடலாமாம். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் செய்தது சரி. ஆளுக்கு ஆள் நீளுகிற அடிமட்டத்தால் எதை அளப்பது?

பிறகு ஒரு தாளைக் கொடுத்து, விரும்பிய ஒரு வசனம் எழுதச் சொன்னார். அம்மா வெகுநேரம் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே சொல் எழுதினார்: "வருவான்."

எழுவாயும் பயனிலையும் இருந்தால் ஒரு புள்ளி என்பது விதி. டொக்டர் யோசித்தார். நான் ஒரு காலத்தில் தமிழும் படிப்பித்தவன்; எழுவாயைத் தனியாகத் தேடத் தேவையில்லை, அந்த 'ஆன்' விகுதிக்குள் என் தம்பி இருக்கிறான் என்று சொன்னேன். புள்ளி போட்டார். மொத்தம் 17.

தம்பி 2009 மே மாதம் வட்டுவாகலில் சனத்துக்குள் எங்களைப் பிரிந்தவன். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

துக்கத்தாலும் ஞாபகம் இப்படி மங்கும், தைரொயிட், பி12 விற்றமின் குறைந்தாலும் மங்கும் என்று இரத்தம் சோதிக்க எழுதித் தந்தார். எங்கள் ஊரில் 'யோசனை' என்று சொல்லும் அந்த மனவருத்தம் அவருக்கும் தெரிந்திருந்தது.

முப்பது வருடம் சைவநெறி படிப்பித்தவன் நான். சிவஞானபோதத்தின் நாலாம் சூத்திரத்தில் மெய்கண்டார், மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய அந்தக்கரணங்களில் எதுவும் ஆன்மா இல்லை என்று நிறுவுகிறார். அப்படியென்றால் அந்த 30 புள்ளியும் கருவிக்குப் போட்டவை. இங்கிலாந்தின் ஜோன் லொக் மறுபக்கத்தில் நிற்கிறார்: ஒருவர் நேற்றிருந்த அதே ஆள் என்பதற்கு அவருடைய நினைவு எட்டும் தூரம்தான் சாட்சி. லொக்கின்படி என் அம்மா ஆறு மாதத்துக்கு ஒருக்கால் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போகிறார். நான் மெய்கண்டார் பக்கம்தான். ஆனால் அதிலும் மலிவான ஆறுதல் கிடையாது. கருவிகள் இல்லாத கேவல நிலையில் ஆன்மா ஒன்றும் அறியாமல் இருளில் கிடக்கும் என்பதும் சித்தாந்தம்தான். விடியுமட்டும் எரியும் விளக்கு என்றுதான் அந்தக் கருவிகளைத் தரும் மாயைக்கு உவமை சொல்வார்கள். விளக்கு மங்குகிறது, விடியவில்லை. அந்த இடைவெளியில் அம்மா இருக்கிறார்.

சொந்தக்காரர் ஒருவர் வந்து, "மறந்தது நல்லதுக்குத்தான், கடவுள் செய்த உதவி" என்றார். இதை நானே வகுப்பில் வேறு சொல்லில் சொல்லியிருக்கிறேன். ஐந்தொழிலில் நாலாவது மறைத்தல். நடராசரின் ஊன்றிய பாதம் அதைக் குறிக்கும், மறைத்தலும் அருளே, ஐந்து புள்ளிக் கேள்வி. ஆனால் அம்மாவுக்கு மறைந்தது எது? தம்பி மறையவில்லை. அவன் காணாமற்போனதுதான் மறைந்திருக்கிறது. ஆணைக்குழுக்களுக்கு எழுதிய விண்ணப்பங்கள், 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய, காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டக் கொட்டகையில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்த நாட்கள், எல்லாம் போய்விட்டன. காத்திருப்பு மட்டும் ஒவ்வொரு பின்னேரமும் முதல் நாள் மாதிரித் தொடங்குகிறது. இந்த அரைகுறை மறைப்புக்கு என் பாடப்புத்தகத்தில் விளக்கம் இல்லை. பெரியவர்களின் உரைகளிலும் தேடினேன்.

"தம்பி வந்திட்டானோ?" என்று முதலில் கேட்ட நாட்களில் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொன்ன வாய். அம்மா அன்றைக்குத்தான் கேள்விப்பட்டவர்போல நெஞ்சில் அடித்து அழுதார். ஒரு மணித்தியாலத்தில் மறந்து மீண்டும் கேட்டார். நானும் மீண்டும் சொன்னேன். மூன்றாம் நாள் மனைவி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "நீங்கள் ஆருக்காக உண்மை சொல்லுறியள்?" என்று கேட்டாள்.

இப்போது "இன்னும் இல்லையம்மா" என்கிறேன். அதில் பொய் இல்லை. இதற்கிடையில் என் மகள் நாட்காட்டியைக் காட்டி அப்பம்மாவுக்குத் திகதியும் கிழமையும் பாடமாக்குகிறாள், அடுத்த பரீட்சையில் புள்ளி கூட வேண்டுமாம். களவு என்று சொல்ல எனக்கு மனமில்லை.

இரவு படலையைப் பூட்ட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டுத்தான் படுப்பார். அவர் நித்திரையான பிறகு எழும்பிப் போவேன். ஆடுமாடு வந்து மரவள்ளியைத் தின்னும் என்பதால் சாத்துகிறேன். பூட்டைக் கையில் வைத்தபடி கொஞ்சநேரம் நின்றுவிட்டு, கொளுவாமலே திரும்பி வருகிற நாட்களும் உண்டு.