புடவைத் தட்டு ஏன் தொய்கிறது?

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா துணிக்கடைகளில் பட்டுப்புடவை அடுக்கிய தட்டுகளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சிலவற்றின் நடுப்பகுதி இறங்கியிருக்கும். ஓரத்துப் பட்டை உரிந்த இடத்தில் தெரிவது பசையோடு அழுத்திய மரச்சில்லு, அதாவது சிப்போர்டு. தூக்கினால் நல்ல கனம், ஆனாலும் தொய்கிறது. கனம் வேறு, விறைப்பு வேறு.

மலேசியாவில் சிப்போர்டும், மரத்தை நாராகப் பிரித்துப் பசையோடு அழுத்திய எம்டிஎஃபும் பெரும்பாலும் ரப்பர் மரத்திலிருந்து வருபவை. நம் பாட்டன் பூட்டன் தோட்டத்தில் பால் வெட்டிய அதே மரம்தான். 25, 30 வயதில் பால் குறைந்ததும் வெட்டிச் சாய்ப்பார்கள். ஒரு காலத்தில் அது விறகுக்குத்தான் போனது.

அறுத்த ரப்பர் மரப்பலகை கன மீட்டருக்குச் சுமார் 600 கிலோ. இழை ஓடும் திசையில் அதன் விறைப்பு 9 கிகாபாஸ்கல் அளவில் இருக்கும். சிப்போர்டு 650 கிலோ, விறைப்போ ஏறத்தாழ 2.5. எம்டிஎஃப் 750 கிலோ, 3. எடை கூடியும் விறைப்பு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

காரணம் மரத்துக்குள் இருக்கிறது. மரமே ஒரு நார்க்கலவை: லிக்னினில் பதிந்த செல்லுலோஸ் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் நின்று சுமையை நேரே தாங்குகின்றன. சில்லாக்கினால் அந்தத் திசை குலைகிறது. சுமை ஒவ்வொரு சில்லிலிருந்தும் பசையைக் கடந்தே அடுத்ததற்குப் போகவேண்டும். எம்டிஎஃபில் நார் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, எல்லாப் பக்கமும் சிதறி. நாரைவிட அதன் ஒழுங்குக்குத்தான் மதிப்பு. பூப்பந்து மட்டையின் கார்பன் நாரும் அப்படியே: ஒரே திசையில் அடுக்கினால், எடைக்கு எடை எஃகைவிட மூன்று மடங்கு விறைப்பு.

சிப்போர்டை ஒரேயடியாகப் பழிக்கவும் கூடாது. இழைக்குக் குறுக்கே மரத்தின் விறைப்பு ஒரு கிகாபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடும். சிப்போர்டுக்கு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் விறைப்பு ஏறத்தாழ ஒன்றுதான்.

90 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 18 மில்லிமீட்டர் தடிமன் உள்ள தட்டில் 15 கிலோ புடவையைப் பரப்பி வைத்தால் சிப்போர்டு நடுவில் சுமார் 4 மில்லிமீட்டர் தொய்யும். ரப்பர் மரம் ஒரு மில்லிமீட்டர்தான். அதோடு நிற்காது. நாள்பட்ட சுமைக்கு ஐரோப்பிய மரக் கட்டுமான விதி, முதல் தொய்வோடு மரத்துக்கு 60 சதவீதமும் சிப்போர்டுக்கு 225 சதவீதமும் கூட்டச் சொல்கிறது.

தொய்வு நீளத்தின் நான்காம் படியில் ஏறும். தாங்கிகளின் இடைவெளியை 90இலிருந்து 60க்குக் குறைத்தால் அதே அடுக்குக்குத் தொய்வு ஐந்தில் ஒன்று. தட்டு போடுகிறவர்கள் பலகையை மாற்றுமுன் தாங்கியைக் கூட்டுங்கள், செலவும் குறைவு.